குக்கர் வெடித்தால் யாரைக் கேட்பது? பழுதான பொருளால் காயம்பட்ட தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கான கேள்வி பதில்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மியர்பேங்க், டொங்காட், லெனேசியா, எந்த ஊர் வீடானாலும் சரி. குக்கர் மூடி பறந்து யாருக்காவது முகம் வெந்துவிட்டால் முதலில் வருகிற பேச்சு, "நம்ம நேரம் சரியில்லை." அடுத்த பேச்சு, "கடையில் கொண்டுபோய்க் கொடு, மாற்றித் தருவார்கள்." இந்த இரண்டாவது பேச்சால்தான் நிறையப் பேர் தங்களுக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டை இழக்கிறார்கள். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம். இங்கே இருப்பது பொதுவான விளக்கம் மட்டுமே. பெரிய காயம், பெரிய தொகை என்றால் வக்கீலிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதில் 61-ஆம் பிரிவு. சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது 2011 மார்ச் 31 அன்று. ஆனால் இந்த 61-ஆம் பிரிவு, 2010 ஏப்ரல் 24 முதல் விற்பனைக்கு வந்த பொருட்களுக்கே பொருந்தும். அதற்கு முன்பு வாங்கிய பழைய கீசர், பழைய மிக்சி எல்லாம் பழைய சட்டத்தின் கீழ்தான் வரும்.

பழைய சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு 2003-இல் வந்த ஒரு தீர்ப்பு போதும். தோள்பட்டை அறுவை சிகிச்சைக்காக ரெஜிப்ளாக் என்ற மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு தன் வலது கை செயலிழந்துவிட்டது என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். மருந்து பழுதானது என்றால், தயாரித்தவர் கவனக்குறைவாக இருந்தாரா இல்லையா என்று பார்க்காமலே பொறுப்பாக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்படி ஒரு மாற்றம் வேண்டுமென்றால் அதை நாடாளுமன்றம்தான் கொண்டுவர வேண்டும் என்றது. தொழிற்சாலைக்குள் என்ன நடந்தது என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற நோயாளி எப்படி நிரூபிப்பார்? நியாயமான கேள்விதான். பின்னால் வந்த 61-ஆம் பிரிவு அதற்குத்தான் பதில் சொன்னது: கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு.

கவனக்குறைவை நிரூபிக்க வேண்டாம் என்றால், வேறு எதைக் காட்ட வேண்டும்?

பொருளில் ஏதோ கோளாறு இருந்தது, உங்களுக்குப் பாதிப்பு ஏற்பட்டது, அந்தக் கோளாறினால்தான் இந்தப் பாதிப்பு. இவ்வளவையும் காட்ட வேண்டும். கோளாறு என்பதில் பல வகை உண்டு. தயாரிப்பிலேயே குறை இருக்கலாம். பொருள் பார்க்க நன்றாக இருந்தாலும் சாதாரண மனிதர் எதிர்பார்க்கும் அளவுக்குப் பாதுகாப்பாக இல்லாமல் இருக்கலாம். இருக்கிற ஆபத்தைச் சரியாக எச்சரிக்காமல் விட்டிருக்கலாம். அந்த எச்சரிக்கைக் குறை ஒன்றே போதும், பொருள் வேறு எந்த வகையிலும் பழுதாக இருக்க வேண்டியதில்லை.

பாதிப்பு என்று சட்டம் சொல்வது மரணம், காயம், நோய், சொத்துச் சேதம், இவற்றால் வந்த பண இழப்பு. ஆஸ்பத்திரிச் செலவும் வேலைக்குப் போகாத நாள் கூலியும் இதில் வரும். தீப்பிடித்துக் கருகிய சமையலறை அலமாரியும் வரும்.

உடைந்த பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. 56-ஆம் பிரிவு பொருளின் தரத்தைப் பற்றியது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருள் பழுதானால் பணமா, புதுப் பொருளா, ரிப்பேரா என்று நீங்கள் சொல்லலாம். தேர்வு உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால் புதிதோ பணமோ தந்தே ஆக வேண்டும். நல்ல பிரிவுதான். ஆனால் அதில் கிடைப்பது குக்கரின் விலை. முகம் வெந்ததற்கு 61-ஆம் பிரிவுதான் வழி, அதற்குச் சாட்சி அந்தக் குக்கரே.

கடைக்குப் போகிறீர்கள். அங்கே நிற்கிற பையன் மரியாதையாகப் பேசுகிறான், புதுக் குக்கர் தருகிறான், கூடவே ஒரு வவுச்சரும் தருகிறான். பழையது பின்பக்கம் போகிறது, ஒரு வாரத்தில் குப்பைக்குப் போகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து வக்கீல் கேட்கிற முதல் கேள்வி, "பொருள் எங்கே?" பொருள் இல்லாமல் வால்வு அடைத்திருந்ததா, மூடியின் பூட்டு தேய்ந்திருந்ததா என்று எந்த இன்ஜினியராலும் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு "நீங்கள் ஆவி அடங்கும் முன் திறந்தீர்கள்" என்று சொன்னால் மறுக்கவும் வழியில்லை.

ஆகவே பொருளை அப்படியே வையுங்கள். கழுவ வேண்டாம், திறந்து பார்க்க வேண்டாம், மாப்பிள்ளை எலக்ட்ரீஷியனாகவே இருந்தாலும் ஸ்க்ரூவைக் கழற்ற விட வேண்டாம். தெறித்த துண்டுகள், காஸ்கெட், வெயிட், டப்பா, உள்ளே இருந்த காகிதம், ஸ்டிக்கரில் உள்ள தொடர் எண், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எரிந்த லித்தியம் பேட்டரி என்றால் வீட்டுக்குள் வேண்டாம், மறுபடி பற்றிக்கொள்ளும். இரும்பு டின்னில் போட்டு வெளியே வையுங்கள். நடந்த இடத்தையும் காயத்தையும் அன்றே படம் எடுங்கள். காயத்தை வாரா வாரம் எடுத்தால் இன்னும் நல்லது.

கம்பெனி பொருளைப் பரிசோதிக்கக் கேட்டால்? கேட்பது அவர்களின் உரிமைதான். ஆனால் உங்கள் பக்கத்து நிபுணர் முதலில் பார்த்த பிறகு, அல்லது இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்கும்போது பார்க்கட்டும். எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் கூரியர்காரன் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

யார் மேல் வழக்குப் போடுவது? கடைக்காரரா, கம்பெனியா?

தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, நான்கு பேரில் யார் மேலும் போடலாம், எல்லார் மேலும் சேர்த்தும் போடலாம். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பொறுப்பானால் முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம், பங்கை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வரும் பொருட்களை வேறு யாரோ செய்திருப்பார்கள். ஆனால் தன் பெயரைப் பொறித்து விற்றால் சட்டத்தின் கண்ணில் சூப்பர்மார்க்கெட்டும் தயாரிப்பாளர்தான்.

சில்லறைக் கடைக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இந்த ஆபத்தைக் கண்டுபிடிப்பது தன்னிடம் எதிர்பார்க்கக்கூடிய காரியமல்ல என்று அது வாதிடலாம். சீல் வைத்த டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று மூலைக்கடை அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அந்த வாதம் எடுபடும். ஒயர் வெளியே தெரிகிற இஸ்திரிப் பெட்டியை விற்றவருக்கு எடுபடாது. வேறு தற்காப்புகளும் உண்டு: தான் கைமாற்றும்போது அந்தக் குறை இல்லை, அரசு விதியைப் பின்பற்றியதால்தான் அந்தக் குறையே வந்தது, மேலே இருந்தவர் சொன்னபடிதான் செய்தேன். பெரும்பாலும் கேட்கப்போவது முதலாவதைத்தான்.

ரசீது இல்லை. கல்யாணத்துக்கு வந்த பரிசு. என்ன செய்வது?

வாங்கியவர் மட்டும்தான் நுகர்வோர் என்று சட்டம் சொல்லவில்லை. பொருளைப் பயன்படுத்துகிறவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. அத்தை பரிசாகக் கொடுத்த அடுப்பு உங்களைச் சுட்டால் நீங்களே கேட்கலாம். ரசீது இருந்தால் வேலை சுலபம், அவ்வளவுதான். கார்டு ஸ்டேட்மென்ட், கடையின் லாயல்டி கார்டுப் பதிவு, டப்பாவில் உள்ள பார்கோடு, வாங்கும்போது கூட இருந்தவரின் வாக்குமூலம், இவையும் சாட்சிதான்.

குழந்தைக்குக் காயம். குழந்தைக்காக யார் கேட்பது?

அப்பாவோ அம்மாவோ காப்பாளரோ கேட்கலாம். மருத்துவச் செலவைப் பெற்றோர் தங்கள் பெயரிலும், காயத்துக்கான நஷ்டஈட்டைக் குழந்தையின் பெயரிலும் கேட்பது வழக்கம். பிள்ளை வளர்ந்து பதினெட்டு ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

லேபிளில் சீன மொழி மட்டும் இருந்தது. எச்சரிக்கை எனக்குப் புரியவில்லை.

விற்பவர் தரும் தகவல் எளிய மொழியில் இருக்க வேண்டும், சராசரிப் படிப்பறிவு உள்ள நுகர்வோருக்குப் புரிய வேண்டும் என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. வெறும் சீன எழுத்தில் இருந்தால், போதிய எச்சரிக்கை இல்லை என்ற வாதத்துக்கு அது நல்ல பலம்.

தமிழில் இருக்க வேண்டுமா என்றால், இல்லை. நம் அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாம் கூடவே வருகின்றன. மதிப்பளித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று. பெருமைதான், ஆனால் அதை வைத்து இஸ்திரிப் பெட்டியில் தமிழ் லேபிள் ஒட்டச் சொல்ல முடியாது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் எச்சரிக்கையைப் படித்துச் சொல்லும் வேலை பிள்ளைகளுடையது.

சார்ஜர், எக்ஸ்டென்ஷன் எல்லாம் டவுனில் மலிவாகக் கிடைக்கிறது. கடை நாளைக்கு இருக்குமா தெரியாது. யாரைப் பிடிப்பது?

பெட்டியில் இறக்குமதியாளர் பெயர் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பெயரே இல்லையென்றால் பின்னால் பிடிக்க ஆளும் இல்லை. பிளக், ஒயர், அடாப்டர் போன்றவற்றை விற்பதற்கு முன்பு என்.ஆர்.சி.எஸ் எனப்படும் கட்டாயத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். பலர் தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் எஸ்.ஏ.பி.எஸ் முத்திரையையும் இதையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். எஸ்.ஏ.பி.எஸ் முத்திரை விரும்பி வாங்குவது, என்.ஆர்.சி.எஸ் அனுமதி கட்டாயம். அனுமதி இல்லாத பொருள் என்று தெரிந்தால் அங்கே புகார் கொடுங்கள். அதனால் உங்கள் கைக்குப் பணம் வராது, ஆனால் வழக்குக்கு உதவும் ஒரு ஆவணம் கிடைக்கலாம்.

வெளிநாட்டு வெப்சைட்டில் நேரடியாக வரவழைத்தால் நிலைமை இன்னும் மோசம். நடுவில் இங்கே ஒரு வியாபாரி இல்லை. விற்றவர் வேறு நாட்டில். ஐம்பது ராண்ட் மிச்சம் பிடித்து இந்தப் பாதுகாப்பு முழுவதையும் விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிலும் பேட்டரி உள்ள பொருளில்.

இன்வர்ட்டர் நல்ல கம்பெனி. பொருத்தியவர் வேறு ஆள். தீப்பிடித்துவிட்டது.

லோட் ஷெடிங் காலத்தில் அவசர அவசரமாக இன்வர்ட்டரும் கேஸ் அடுப்பும் வாங்கிப் பொருத்தாத தெரு இல்லை. சேவையோடு சேர்த்துப் பொருளைத் தருபவர், பொருத்துபவர், அந்தப் பொருளை விற்றவராகவே கருதப்படுவார் என்று 61-இன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. ஆகவே பொருத்தியவரும் வரிசையில் நிற்கிறார். அவர் தந்திருக்க வேண்டிய சான்றிதழைக் கேளுங்கள். மின் இணைப்புக்கும் சரி, கேஸ் இணைப்புக்கும் சரி, தகுதி பெற்றவர் தரும் இணக்கச் சான்றிதழ் கட்டாயம். அது இல்லையென்றால் வீட்டு இன்சூரன்ஸும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தீயணைப்புத் துறை வந்திருந்தால் அவர்களின் அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள்.

சாப்பாட்டால் நோய் வந்தால்? அதுவும் பொருளா?

மனிதர் உண்ணும் எதுவும் பொருள்தான். பழுதான பொருளுக்காக இந்த நாட்டில் வந்த மிகப் பெரிய வழக்கே சாப்பாட்டில் வந்ததுதான்.

2017-இல் லிஸ்டீரியா கிருமியால் ஆஸ்பத்திரிகளில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். கர்ப்பிணிகளும் பிறந்த குழந்தைகளும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். எதிலிருந்து வருகிறது என்று மாதக்கணக்கில் பிடிபடவில்லை. லிஸ்டீரியா உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் சாப்பிட்டது மறந்துபோகும், மிச்சமும் இருக்காது. 2018 ஜனவரியில் சொவேட்டோவில் ஒரு பாலர் பள்ளிக் குழந்தைகள் ஒன்பது பேர் வயிற்றுக் கோளாறோடு பரக்வனாத் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சுகாதார அதிகாரிகள் அந்தப் பள்ளியின் ஃபிரிட்ஜிலேயே இருந்த பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியை எடுத்துச் சோதித்தார்கள். அந்த நூல் பிடித்துப் போய் பொலொக்வானேயில் இருந்த டைகர் பிராண்ட்ஸ் குழுமத்தின் என்டர்பிரைஸ் தொழிற்சாலையில் முடிந்தது. 2018 மார்ச் 4 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஆரோன் மொட்சோலேடி அதை அறிவித்தார். மொத்தம் 1,060 பேருக்கு நோய் உறுதியானது, 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் கூட்டு வழக்குக்கு அனுமதி கொடுத்தது. அப்புறம் அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஃபிரிட்ஜில் மிச்சம் இருந்த அந்தப் பொலோனியைக் கவனியுங்கள். சாப்பாட்டு விஷயத்தில் மிச்சத்தைக் கொட்டாமல் பையில் கட்டி ஃப்ரீசரில் வைப்பதும், உறையை வைத்திருப்பதும், டாக்டரிடம் ரத்தமோ மலமோ சோதனைக்கு அனுப்பச் சொல்வதும்தான் எல்லாம். "அந்தக் கடை சமோசா சாப்பிட்டேன், அன்று இரவு வாந்தி" என்பது மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. காலையில் வேறு என்ன சாப்பிட்டீர்கள் என்று எதிர் வக்கீல் கேட்பார்.

கம்பெனி பொருளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருக்கிறது. அப்படியானால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகுமா?

தானாக ஆகாது. 2021 ஜூலையில் கூ பிராண்டு டின் காய்கறிகள் உட்பட சுமார் 2 கோடி டின்கள் திரும்பப் பெறப்பட்டன. டின்னின் பக்கவாட்டு வெல்டிங்கில் கசிவு வரலாம் என்பது காரணம். நம் வீட்டு பீன்ஸ் கறிக்கும் ரொட்டியைக் குடைந்து நிரப்பும் பீன்ஸ் பன்னிக்கும் அந்த டின் எவ்வளவு போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் திரும்பப் பெற்ற டின்னில் ஒன்றைச் சாப்பிட்டீர்கள் என்பதால் மட்டும் நஷ்டஈடு வராது, நோய் வந்ததைக் காட்ட வேண்டும். அதேபோல 2017 ஜனவரியில் ஃபோர்ட் நிறுவனம் 1.6 லிட்டர் கூகா கார்கள் 4,556-ஐத் திரும்ப அழைத்தது. இன்ஜின் அதிகம் சூடாகி, சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பற்றுகிறது என்று. அறிவிப்பு உங்கள் வழக்குக்கு நல்ல துணை. முழு வழக்கும் அது அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. அறிவிப்பைப் பார்த்த பிறகும் அதே பொருளைத் தொடர்ந்து பயன்படுத்திக் காயம்பட்டால், "தெரிந்தே செய்தீர்கள்" என்பார்கள்.

சிகப்பழகு கிரீம் போட்டு முகம் கருத்துப்போனது. வெட்கமாக இருக்கிறது. கேட்க முடியுமா?

முடியும். வெட்கப்பட வேண்டியது விற்றவர். ஹைட்ரோகுவினோன் கலந்த அழகு கிரீம்களைத் தென்னாப்பிரிக்கா 1990-இலேயே தடை செய்துவிட்டது. உலகிலேயே முதலில் இப்படி முழுக்கத் தடை செய்த நாடுகளில் நம்முடையது முன்வரிசை. இருந்தும் மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். சட்டவிரோதமான பொருள் என்பதால் விற்றவரின் பொறுப்பு போய்விடாது. தோல் டாக்டரின் எழுத்து மூலமான கருத்தும், பாதி தீர்ந்த டப்பாவும் இருந்தால் கிரீமில் என்ன இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிடும்.

மின்கம்பி அறுந்து விழுந்து ஷாக் அடித்தால் 61-ஆம் பிரிவில் போக முடியுமா?

மின்சாரமும் தண்ணீரும் கேஸும் இந்தச் சட்டத்தில் பொருட்கள்தான். ஆனால் 2016-இல் ஒரு வழக்கு. சைக்கிளில் போனவர் தாழத் தொங்கிய, அரசு மின் நிறுவனமான எஸ்கொமின் மின்கம்பியில் பட்டு மோசமாகத் தீக்காயம் அடைந்தார். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இடத்தில் அவர் எஸ்கொமின் நுகர்வோர் அல்ல, ஆகவே 61-ஆம் பிரிவு பொருந்தாது என்றது. அதாவது வழியில் போகிறவர் எல்லாரும் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொள்ள முடியாது. அவர்களுக்குக் கவனக்குறைவை நிரூபிக்கும் பழைய வழி திறந்தே இருக்கிறது, கொஞ்சம் கடினம் அவ்வளவுதான்.

வேலை செய்யும் இடத்தில் மெஷின் கையைக் கடித்துவிட்டது.

முதலாளி மேல் வழக்குப் போட முடியாது, 1993-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நிதியிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆனால் மெஷினைச் செய்த கம்பெனி மூன்றாம் ஆள். அதன் மேல் தனியாகப் போகலாம். தையல் ஆலைகளில் வேலை செய்கிற நம்மவர்கள் பலருக்கு இந்த இரண்டாவது வழி இருப்பதே தெரிவதில்லை.

"பொருளால் வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று கடையில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். ரசீதின் பின்னாலும் இருக்கிறது.

மாட்டட்டும். சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது என்கிறது 51-ஆம் பிரிவு. அந்த வரி செல்லாது.

நான் கொஞ்சம் தப்பாகத்தான் பயன்படுத்தினேன். அப்படியானால் ஒன்றும் கிடைக்காதா?

பொருளால் முழுவதுமாகவோ ஓரளவோ வந்த பாதிப்பு என்றுதான் சட்டத்தின் வாசகமே. ஆகவே உங்கள் பக்கம் ஒரு சின்னத் தவறு இருந்தால் கதை முடிந்துவிடாது. ஆனால் நீதிபதி எல்லாவற்றையும் பார்ப்பார். பாதிப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் பார்ப்பார். தீக்காயத்துக்கு டாக்டரிடம் போகாமல் மஞ்சளைப் பூசி இரண்டு வாரம் இருந்தீர்கள் என்றால் அதனால் கூடிய செலவு உங்கள் கணக்கு. நடந்ததை ஆஸ்பத்திரியில் முதல் முறை சொல்லும்போதே சரியாகச் சொல்லுங்கள். "சமையலில் சுட்டது" என்று டாக்டர் எழுதிவிட்டால், பின்னால் "குக்கர் வெடித்தது" என்று சொல்வதை நம்ப வைப்பது பெரும்பாடு. மருத்துவப் பதிவுகளின் நகல் கேட்பது உங்கள் உரிமை.

எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

பலரும் குழம்பும் இடம் இது. தேசிய நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும். தேசிய நுகர்வோர் தீர்ப்பாயம் அபராதம் விதிக்கும். ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 10 லட்சம் ராண்ட், எது அதிகமோ அதுவரை போகலாம். அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கல்ல. நுகர்வோர் பொருள்களுக்கும் வாகனங்களுக்கும் தனித்தனி ஓம்பட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர், இருக்கிறார்கள். பணம் திருப்புவது, மாற்றித் தருவது போன்ற சண்டைகளுக்கு அவர்கள் நல்லவர்கள், செலவும் இல்லை. ஆனால் காயத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருவது நீதிமன்றத்தின் வேலை.

எந்த நீதிமன்றம் என்பது தொகையைப் பொறுத்தது. 20,000 ராண்ட் வரை சிறு உரிமை நீதிமன்றம். அங்கே வக்கீல் வரக்கூடாது, நீங்களே பேசலாம். கொஞ்சம் கூடுதலான தொகையாக இருந்தால் மீதியை விட்டுக்கொடுத்து அங்கேயே போகிறவர்களும் உண்டு, சின்னத் தீக்காயத்துக்கு அது மோசமான யோசனை இல்லை. 2 லட்சம் வரை மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 4 லட்சம் வரை வட்டார நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். தமிழில்தான் சரியாகச் சொல்ல வரும் என்கிற பெரியவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

ஜெயித்தால் ஃபீஸ் என்ற ஏற்பாடு 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லும். அதில் உச்சவரம்பு உண்டு: வழக்கமான ஃபீஸைப்போல் இரண்டு மடங்கு, அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. இதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிபுணரின் பரிசோதனைச் செலவை யார் தருவது என்பதையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். இந்த வழக்குகளில் அதுதான் கனமான செலவு. லீகல் எய்டும் பல்கலைக்கழகச் சட்ட மையங்களும் வசதியில்லாதவர்களுக்கு உதவுகின்றன.

எவ்வளவு நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

மூன்று ஆண்டு. காயம் அல்லது மரணம் என்றால் அது நடந்த நாளிலிருந்து. நோய் என்றால் அதைப் பற்றிய முக்கிய விவரம் தெரிந்த நாளிலிருந்து. சொத்துச் சேதத்துக்கும் அப்படியே. கம்பெனிக்கு மெயில் அனுப்பிக்கொண்டே இருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. "ஹெட் ஆபீஸ் பார்க்கிறது" என்று சொல்லிச் சொல்லியே மூன்று ஆண்டு ஓடிவிடும்.

என் கணவர் இறந்துவிட்டார். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. நான் கேட்க முடியுமா?

பழைய தலைமுறையில் இப்படி நிறைய வீடுகள். பதிவு பெற்ற திருமண அதிகாரி நடத்தாத கல்யாணத்தைச் சட்டம் முழுமையான திருமணமாக ஏற்பதில்லை. அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். குடும்பத்தைக் காப்பாற்றியவர் போனதால் இழந்த வருமானத்தை நம்பியிருந்தவர்கள் கேட்கலாம். 1999-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இஸ்லாமிய முறைப்படி மட்டும் கல்யாணம் செய்த ஒரு விதவைக்கு, கார் விபத்தில் இறந்த கணவரின் ஆதரவு இழப்புக்காக நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டு என்றது. வாரிசுரிமை விஷயத்தில் டர்பன் உயர் நீதிமன்றமும் இந்து முறைப்படி கல்யாணம் செய்தவரை மனைவி என்று ஏற்றிருக்கிறது. கல்யாண போட்டோ, அழைப்பிதழ், நடத்திய ஐயரின் வாக்குமூலம், ஒரே முகவரியில் வந்த பில்கள், எல்லாவற்றையும் திரட்டுங்கள். ஈமச் செலவு ரசீதுகளையும் தனியாக வையுங்கள், அதையும் கேட்கலாம்.

கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தார். 5,000 ராண்ட் தருகிறேன், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்.

காகிதத்தில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். போட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்துத் தோல் ஒட்டும் ஆபரேஷன் தேவை என்று டாக்டர் சொன்னாலும் மறுபடி போய்க் கேட்பது மிகக் கடினம். காயம் முழுதாக ஆறி, இனி என்ன செலவு வரும் என்று டாக்டர் எழுதித் தரும் வரை எந்தத் தொகையும் சரியான தொகை அல்ல. அவருக்கு டீ கொடுங்கள், காகிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவையுங்கள். போகும்போது குக்கரையும் எடுத்துப்போகிறேன் என்றால் கொடுக்க வேண்டாம்.